இரண்டு கட்டை வார்த்தைகள்

அன்புள்ள கியூ அண்ணாவுக்கு,

உங்கள் லிஃப்ட்காரரின் மனைவி எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் மகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதப் பேனா ஓடவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

போனில் பிடிக்கப் பலமுறை பார்த்தேன். மணி அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். நீங்களாகக் கூப்பிட்ட அந்த ஒரு தடவை நான் போனை அவர் காதில் வைத்தேன். அவர் "ஆ... ஆ..." என்றார். அந்தப் பக்கம் நீங்கள் விம்மியது எனக்கே கேட்டது. உடனே லைன் போய்விட்டது. சிக்னல் இல்லை என்று அவரிடம் சொல்லி வைத்தேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. நம்பினேன் என்று சொல்லத்தான் அவருக்கு வாய் இல்லையே.

நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு காலில் பூட்ஸ் மாட்டியாயிற்று. இன்னொன்றைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, புதுசா பாக்கற மாதிரி பாக்கறீங்க?" என்று கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. அப்படியே நாற்காலியோடு சாய்ந்தார். மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் கட்டிவிட்டதாம். வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நாலு மாடியும் ஸ்ட்ரெச்சரில்தான் ஏற்றினார்கள். நம் கட்டடத்து லிஃப்ட் நின்றுவிட்டது அண்ணா. இத்தனை வருஷமும் அதை ஓசியில் ரிப்பேர் பார்த்துக் கொடுத்தவர் படுத்துவிட்டார், அதுவும் படுத்துவிட்டது. ஆள் அனுப்புகிறேன் என்று கட்டடத்துக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஸ்ட்ரெச்சர் ஒவ்வொரு மாடியாகத் திரும்பும்போது இவர் அந்த மூடிய லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டு வந்தார். அவமானப்பட்ட மாதிரி ஒரு முகம்.

நான் ஆல்டரேஷன் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கடைக்காரம்மா நல்லவள், இடம் காலியாகவே இருக்கும் என்றாள். மெஷினை மட்டும் வீட்டில் வைத்துச் சின்னச் சின்ன வேலை பார்க்கிறேன். அவர் கட்டிலை மெஷினுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். நீங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு வார்த்தை கோத்து விளையாடுவீர்களே, அந்த மேஜையை நகர்த்திவிட்டு.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வருகிறாள், டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறோம். மூச்சு வாங்க நாலு மாடி ஏறி வந்து, முதலில் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, பட அட்டைகளை எடுப்பாள். கோப்பை, சாவி, சீப்பு, குடை. இது என்ன, இது என்ன என்று பொறுமையாகக் கேட்பாள். அவருக்கு ஒன்றும் வராது. தமிழிலும் வராது, ஆங்கிலத்திலும் வராது. என் பெயரும் வரவில்லை. வாய் தேடும், நெற்றி வேர்க்கும், பிறகு கண்ணை மூடிக்கொள்வார்.

ஆனால் வேறு ஏதோ வருகிறது அண்ணா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் "ஆ, ஆ" என்பார். வலி என்று நினைத்து மாத்திரை கொடுத்தோம். பிறகு "ஐ" என்றார். ஒருநாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சட்டென்று உறைத்தது. இதெல்லாம் உங்கள் விளையாட்டு வார்த்தைகள் அல்லவா? இரண்டே கட்டையில் வைக்கிற வார்த்தைகள். நான் மெஷின் மிதிக்கும்போது அவர் அகராதியில் அர்த்தம் பார்த்து வாசித்துக் காட்டுவார். 'ஆ ஆ' என்றால் எரிமலைக் குழம்பு கரடுமுரடாக உறைந்த பாறை. 'ஐ' என்றால் மூன்று விரல் உள்ள ஒரு சோம்பேறி மிருகம். "உன் பையன் லீவு நாள்ல தூங்கற மாதிரி மரத்துலேயே தொங்கிட்டிருக்குமாம்" என்று சிரிப்பார். நீங்கள் உடனே, "அர்த்தம் எதுக்குடா? கட்டையை வெச்சமா, பாயின்ட்டை எடுத்தமான்னு இரு" என்பீர்கள். அவர் விட மாட்டார். "அர்த்தம் தெரியாத வார்த்தையைத் தொடறது, முன்னப்பின்னத் தெரியாதவன் வீட்டுக்குள்ள செருப்போட நுழையற மாதிரிடா" என்பார். கியூவுக்குப் பிறகு யூ இல்லாத வார்த்தைகளை நீங்கள் சரம் சரமாக வைப்பீர்கள். அதனால்தானே உங்களுக்கு இந்தப் பெயர். அதில் ஒன்று, பாலைவனத்துக்கு அடியில் கிணறு கிணறாக வெட்டிச் சேர்த்துத் தண்ணீர் கொண்டுவரும் சுரங்கமாம், கனாத். அதை அவர் என்னிடம் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். லிஃப்ட் குழிகளையே பார்த்த மனுஷனுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

உயிரெழுத்தே இல்லாத ஒரு வார்த்தையும் உண்டு என்பார். கூம் என்று, மலைகளுக்கு நடுவே குழிந்த பள்ளம். "வெறும் மெய்யை வெச்சே கட்டிட்டான் பாரு" என்பார். இப்போது அவருக்கு நேர்மாறாக ஆகிவிட்டது. உயிர் வருகிறது, மெய் ஒட்ட மாட்டேன் என்கிறது.

போ, வா, இல்லை, வேண்டாம் என்று ஊருக்கே தெரிந்த வார்த்தை ஒன்றும் அவரிடம் இல்லை. யாருக்கும் தெரியாதது மட்டும் தங்கியிருக்கிறது. இதை நான் சொன்னால் பையன் நம்பவில்லை. "அம்மா, அப்பா 'ஆ'ன்னா வலிக்குதுன்னு அர்த்தம். அதுக்கு மேல நீயா ஒண்ணு கற்பனை பண்ணிக்காத" என்கிறான். டீச்சரைக் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "மனப்பாடமா இருந்தது சில சமயம் தானா வரும்மா. பாட்டு முணுமுணுக்கற மாதிரி. அர்த்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவசரப்பட்டு நம்பிடாதீங்க, விட்டுடவும் செய்யாதீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஒருநாள் காலையில் நான் டீ கொண்டுபோனேன். என்னைப் பார்த்து, "போ" என்றார். தெளிவாக, உதட்டைக் குவித்து, "போ". எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த முதல் முழு வார்த்தை என்னைப் போகச் சொல்வதாக இருக்கிறதே என்று சமையலறையில் போய் நின்று அழுதேன். திரும்பி வந்தபோது படுக்கை நனைந்திருந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நினைவு வந்தது. 'போ' என்றால் உங்கள் விளையாட்டில் படுக்கையோரம் வைக்கிற மூத்திரச் சட்டி! அந்த அர்த்தத்தைப் படித்த அன்று நீங்கள் இருவரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன் அண்ணா, பைத்தியக்காரி மாதிரி. அன்றிலிருந்து 'போ' என்றால் சட்டியைக் கொண்டுபோகிறேன். ஒரு தடவையும் தப்பவில்லை.

ஆனால் 'தா' என்கிறாரே, அதுதான் எனக்குப் புரியவில்லை. "தா" என்று கேட்பார். தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டு மறுபடியும் "தா". கண்ணாடியா என்று கண்ணாடியைக் கொடுப்பேன். "தா". போர்வை, ரேடியோ, செய்தித்தாள் என்று வீட்டில் இருப்பதையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் "தா, தா" என்று குரல் உயர்கிறது. கடைசியில் நல்ல கையால் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அழுதார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லையே. அவர் கேட்டு, என்னால் தர முடியாத அந்த ஒன்று எது? போனில் போட்டுப் பார்த்தேன், ஏதேதோ வந்தது. நீங்கள் கொடுத்த புத்தகத்தில் வெறும் வார்த்தைகள்தான் இருக்கின்றன, அர்த்தம் இல்லை. அகராதியை நீங்கள் மகளிடம் போகும்போது அவர்தான் உங்கள் பெட்டியில் வைத்தார். இடையிடையே கா, நா என்றும் சொல்கிறார். தா, கா, நா, இந்த மூன்றுக்கும் அர்த்தம் எழுதுங்கள்.

சீக்கிரம் எழுதுங்கள். பையன் அவன் வேலை செய்யும் கிடங்குக்குப் பக்கத்தில், முடியாதவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஹோமில் படுக்கை சொல்லி வைத்திருக்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேரே இங்கே வந்து அப்பாவைக் குளிப்பாட்டுகிறான். நின்றபடியே தூங்குகிறான். "உனக்கும் ஒண்ணு ஆயிடுச்சுன்னா நான் யாரைம்மா பாக்கறது?" என்று கேட்டான். டீச்சரும் மாத முடிவில் பரிசோதித்து எழுத வேண்டுமாம். முன்னேற்றம் இல்லை என்று எழுதினால் அவள் வருவதும் நின்றுவிடும். பிறகு இந்த அறையில் அவர் சொல்வதைக் கேட்க நான் ஒருத்திதான், எனக்கும் புரியாது.

நீங்கள் போனை எடுத்தால் போதும். எடுக்க முடியாவிட்டால் எழுதவாவது எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்காகத் தபால்காரரின் காலடியைக் கேட்டுக்கொண்டிருக்கும்,
தங்கை.


அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் பதில் வந்தது. பக்கம் பக்கமாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில் அர்த்தம் எழுதி, மருந்துச் சீட்டு மாதிரி இல்லாமல் எனக்காகக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தீர்கள். மருந்துக்கடையில் இருந்த நாளில் உங்கள் எழுத்தை யாராலும் படிக்க முடியாது என்பார் அவர். படிக்க முடிந்தது.

'தா' இல்லையாம். அது 'டா'வாம். நாக்கை மடித்துச் சொல்ல வராததால் 'தா' ஆகிவிட்டதாம். 'டா' என்றால் நன்றி.

அந்த வரியைப் படித்துவிட்டு நான் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தேன், நன்றி என்றார். கண்ணாடி கொடுத்தேன், நன்றி என்றார். நான் நிறுத்தவே இல்லை. வீட்டையே எடுத்துக் கொடுத்தேன். அவர் நன்றி நன்றி என்று கத்திக் கத்தி, இந்த மனுஷிக்கு ஒரு நன்றிகூடப் போய்ச் சேரவில்லையே என்றுதானே அழுதிருப்பார்? நல்லாயிருந்த நாளில் என்னிடம் ஒரு நாளும் நன்றி சொன்ன ஆள் இல்லை அவர். நானும் எதிர்பார்த்ததில்லை, வீட்டுக்குள் யார் யாருக்கு நன்றி சொல்கிறார்கள்? எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க சொன்னது இப்பத்தான் காதுல விழுந்துது" என்றேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சாப்பாடு ஆறிப்போகும்வரை விடவில்லை.

பரிசோதனைக்கு டீச்சர் வந்தபோது பையனும் இருந்தான். பட அட்டைகளில் வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. நான் உங்கள் காகிதத்தைக் காட்டினேன். அவள் படித்துவிட்டு அட்டைகளைக் கட்டி வைத்தாள். பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "தா" என்றார். கொடுக்காமல் சும்மா கையை நீட்டினாள். பேசாமல் இருந்தார். பையனிடம் ஒரு டம்ளரைக் கொடுக்கச் சொன்னாள். அவன் கொடுத்தான். அவனை நிமிர்ந்து பார்த்து, "தா" என்றார். பையன் முகம் மாறிப்போயிற்று. சட்டென்று, யாரும் சொல்லாமலே, அவனாகக் கேட்டுவிட்டான்: "அப்பா, ஹோமுக்குப் போலாமாப்பா?"

"நா" என்றார்.

'நா' என்றால் இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அவனும் படித்திருந்தான். படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் பின்னால் போனேன். "இத்தனை நாளும் அவர் உள்ளேதான் இருந்தாரா? நான் அவர் எதிர்லயே எல்லாம் பேசினேனேம்மா" என்றான். என்ன சொல்லித் தேற்றுவது? நானும்தான் பேசினேன்.

டீச்சர் முன்னேற்றம் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம், "இது ஆரம்பம்னு சொல்றேன்மா. குணமாயிடும்னு சொல்லலை. அவரைப் பேச வெச்சுக்கிட்டே இருக்கணும், விட்டா மூடிக்கும்" என்றாள். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது. பையன் படுக்கையை வேண்டாம் என்று சொல்லவில்லை, கொஞ்சம் தள்ளிப்போடச் சொன்னான்.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

போன வாரம் மத்தியானம் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றினேன். எப்போதும் செய்வதுதான். என் இடுப்பு பிடித்துக்கொண்டது. இருவரும் சேர்ந்து விழுந்தோம். அவர் பாரம் முழுவதும் என் கால் மேல். போன் மெஷின் மேல் இருந்தது, எட்டவில்லை. கத்திப் பார்த்தேன், வலியில் மூச்சு வெளியே வரவில்லை. அப்போது அவர் தலையைத் தூக்கி, "கா" என்றார். "கா! கா! கா!" என்று முழுக் குரலில். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவ்வளவு சத்தம் அவரிடமிருந்து வந்ததில்லை. நிறுத்தவே இல்லை. கீழ்வீட்டுக்காரம்மா ஏறி வந்து, சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பிறகு ஆளைக் கூட்டிவந்து எங்களைத் தூக்கினாள். "வீட்டுக்குள்ள காக்கா பூந்துட்டு வெளியே போக வழி தெரியாம கத்துதுன்னு நெனச்சேன்" என்றாள்.

பழைய காலத்து ஒரு தேசத்தில் மனுஷனோடு கூடவே பிறந்து, அவன் செத்த பிறகும் இருக்கிற ஆவிக்குக் 'கா' என்று பெயர் என எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். அன்றைக்கு அவர் எந்த மொழியில் சொன்னார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. என் காதில் 'காப்பாற்று' என்கிற தமிழாகத்தான் விழுந்தது. எனக்கு அது போதும்.

ஆனால் என் கால் எலும்பில் விரிசல். கட்டுப் போட்டிருக்கிறார்கள். இனி என்னால் அவரைத் தூக்க முடியாது. பையன் வந்து இந்த முறை வாதாடவில்லை, கெஞ்சினான். "அம்மா, ரெண்டு பேரையும் ஒரே நாள்ல பறிகொடுக்க என்னால ஆகாதும்மா" என்றான். நான் சரி என்றேன் அண்ணா. அவர் 'நா' என்று சொன்னது தெரிந்தும், நான் சரி என்றேன். வருகிற திங்கட்கிழமை ஹோமிலிருந்து ஆள் வருகிறார்கள். அவரிடம் நானே சொன்னேன். என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

அதிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் கொடுத்தால் 'தா' இல்லை. 'போ' இல்லை, படுக்கை நனைகிறது. டீச்சர் வந்து எல்லாம் செய்து பார்த்தாள். திறந்த கதவு சாத்திக்கொள்கிற மாதிரி இருக்கிறது என்று அவளே பயப்படுகிறாள். அங்கே இருப்பவர்களிடம் நான் போய் நின்று, ஐயா, இவர் தா என்றால் கேட்கிறார் என்று அர்த்தமில்லை, நன்றி சொல்கிறார், போ என்றால் உங்களை விரட்டவில்லை என்று சொல்லத்தான் போகிறேன். சொல்ல வேண்டுமானால் அவர் முதலில் வாயைத் திறக்க வேண்டுமே. இப்படியே போனால் வெறும் உடம்பாகத்தான் அங்கே போய் இறங்குவார்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள், "அவன் குரலை அப்படிக் கேட்க என்னால் முடியாது தங்கச்சி, என்னை விட்டுவிடு" என்று. அர்த்தமெல்லாம் படித்துக் காட்டினேன், அந்த வரியை மட்டும் படிக்கவில்லை. ஆனால் அவர் நான் காகிதத்தை மடிப்பதையே பார்த்தார். கடிதம் அங்கே முடியவில்லை என்று அவருக்குத் தெரியும். எத்தனை வருஷமாக என் முகத்தைப் படிக்கிறவர்.

அண்ணா, நான் உங்களை விடமாட்டேன். எனக்கு வேறு யாரும் இல்லை. எனக்கு இந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் இப்போது தெரியும், ஆனால் பதில் வார்த்தை வைக்கத் தெரியாது. நான் சொன்னால் அவருக்கு அது பாடம். நீங்கள் சொன்னால் விளையாட்டு. நீங்கள் ஒரு வார்த்தையை வைத்தால், அதன் மேல் தன் வார்த்தையை வைக்காமல் அவர் என்றைக்காவது இருந்திருக்கிறாரா? தோற்பது உறுதி என்று தெரிந்த ஆட்டத்திலும் கட்டையைக் கீழே போட்டுவிட்டு எழுந்ததில்லை.

கடிதம் உங்களுக்குச் சனிக்கிழமைக்குள் வந்துவிடும் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போனை அவர் இடது காதில் வைத்துப் பிடித்துக்கொண்டிருப்பேன். அந்தக் காதுதான் அவருக்கு நன்றாகக் கேட்கிறது. கூப்பிடுங்கள். விசாரிக்க வேண்டாம், ஆறுதல் சொல்ல வேண்டாம். கியூவில் ஏதாவது ஒன்று, இல்லை உங்களுக்கு அர்த்தம் தெரியாத ஒன்று, எதையாவது சொல்லுங்கள். அவர் உடனே பதில் சொல்லாமல் இருக்கலாம். காத்திருங்கள். அவர் யோசிக்கும்போது நீங்கள் எப்போதும் அவசரப்படுத்துவீர்கள், இந்த ஒரு தடவை அவசரப்படுத்த வேண்டாம்.

அழுகை வந்தால் அழுங்கள். அவருக்கு அதுவும் கேட்கட்டும். போனை மட்டும் வைத்துவிடாதீர்கள் அண்ணா.

உங்கள் குரல் நடுங்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,
கையில் போனோடு,
தங்கை.